பட்டறைக் கடிதங்கள்: எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஆயிலா?

கேள்வி: அண்ணாச்சி, அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை இந்த வருடம்தான் மறுபடி ஓடவைத்தேன். கியர் பெட்டியில் கிடந்த பழைய ஆயிலை இறக்கிவிட்டு, கடையில் 'இருப்பதிலேயே நல்லதாகக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கியதை ஊற்றினேன். முன்பு சத்தமில்லாமல் விழுந்த இரண்டாவது கியர் இப்போது கரகரவென்று அரைக்கிறது. பேச்சிப்பாறை மேட்டில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கேட்கவே பயமாக இருக்கிறது. பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?
(வாசகர், தக்கலை)

பதில்: இப்போதைக்குப் பிரிக்காதீர்கள் தம்பி. ஹெரால்டில் கியர் பெட்டியை வண்டிக்கு அடியில் படுத்து இறக்க முடியாது. சீட்டைக் கழற்றி, நடுவில் இருக்கும் கவரைக் கழற்றி, வண்டிக்குள்ளிருந்தே தூக்க வேண்டும். அவ்வளவு வேலைக்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நீங்கள் வாங்கிய டின்னைத் தேடியெடுத்து அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜி.எல்.5 என்று போட்டிருக்கும் என்பது என் கணிப்பு. ஜி.எல்.4, ஜி.எல்.5 என்பவை கியர் ஆயிலின் தரக் குறிகள்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஐந்து என்பது நான்கைவிட உசத்தி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது உசத்தி தாழ்த்தி இல்லை, வேலை வேறு. பின் ஆக்சிலில் இருக்கும் ஹைப்பாய்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே பெரிய பாரத்தைத் தாங்குகின்றன. அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் கிழிந்துபோகாமல் காக்க கந்தக, பாஸ்பரஸ் மருந்துகளைக் கலக்கிறார்கள். ஜி.எல்.4-ல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மருந்து ஜி.எல்.5-ல் உண்டு.

கியர் பெட்டிக்குள் நடப்பது வேறு. கியர் மாற்றும்போது பித்தளை ரிங் ஒன்று அடுத்த பல்சக்கரத்தின் கூம்பை இறுக்கிப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. அதற்கு உரசல் வேண்டும். நடுவில் இருக்கும் ஆயிலை ரிங் அறுத்துக்கொண்டு போய்ப் பிடித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் பிடி கிடைக்காது. உங்கள் கரகரப்பு பெரும்பாலும் அதுதான். போதாததற்கு, சூடான நேரத்தில் கந்தகம் பித்தளையில் இருக்கும் செம்பை மெல்ல அரிக்கும். இன்றைக்கு வரும் சில ஆயில்களில் இந்த அரிப்பு குறைவு. ஆனாலும் சுலபமாகக் கிடைக்காத ஒரு ரிங்கை வைத்துப் பரீட்சை செய்ய எனக்கு மனம் வராது.

நான் செய்வது இப்படி. வண்டியை ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். அது திறந்த பிறகுதான் வடிக்கும் நட்டில் கை வைக்க வேண்டும். மேல்மூடி துருப்பிடித்துத் திறக்காமல் போனால், ஆயில் இல்லாத பெட்டியோடு நடுத்தெருவில் நிற்க வேண்டிவரும். வடிந்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். தங்கப்பொடி தூவினதுபோல் மினுமினுத்தால் பித்தளை ரிங் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் நைசான கருஞ்சேறு பழைய வண்டியில் சகஜம். கையில் குத்துகிற இரும்புச் செதில் வந்தால் மட்டும் பெட்டியைப் பிரிக்கும் பேச்சை எடுக்கலாம்.

அப்புறம் ஜி.எல்.4 தரத்தில், 80டபிள்யூ-90 என்ற கெட்டித்தன்மை எண் போட்ட ஆயிலை ஊற்றுங்கள். முக்கால் லிட்டருக்குச் சற்று மேலே பிடிக்கும். அளவு பார்த்து நிறுத்த வேண்டாம், ஊற்றும் துளையில் வழிந்து நிற்கும்போது நிறுத்துங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதையும் இறக்கிப் புதிதாக ஊற்றினால் பழைய மருந்தின் மிச்சமும் போய்விடும். வாங்கிய ஜி.எல்.5-ஐ வீணாக்க வேண்டாம், பின் ஆக்சிலுக்கு அதுதான் சரி. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியர் கரகரத்தால் பயப்படாதீர்கள். ஹெரால்டில் முதல் கியருக்குப் பித்தளை ரிங்கே கிடையாது.

சத்தத்தை அமுக்க இன்னும் கெட்டியான 140 கியர் ஆயிலை ஊற்றச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். காலையில் அது பாகுபோல நிற்கும், ரிங் அதை அறுக்கவே முடியாது. கியர் ஆயில் 90 என்றதும் எஞ்சின் ஆயில் 40-ஐப்போல இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயில் 90-ன் கெட்டித்தன்மை எஞ்சின் ஆயில் 40, 50 அளவுதான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, மரை போட்டு ஒரு பித்தளைக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ட்ரனியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த மரை சுழல்கிறது. அதற்குக் கிரீஸ் கூடாது, இ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) 90 கியர் ஆயில்தான். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, நாளாக நாளாக இறுகிவிடும். தண்ணீர் உள்ளே தங்கி இரும்புத் தண்டு துருப்பிடித்து, ஒருநாள் கழுத்தோடு முறியும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கோட்டாறில் வேலை பழகிய காலத்தில் ஒரு ஹெரால்டுக்கு என் கையாலேயே கிரீஸ் அடித்தேன். நிப்பிள் இருந்தது, கிரீஸ் கன் கையில் இருந்தது, அடித்துவிட்டேன். பல வருடம் அதே வண்டிக்கு அதையே செய்தோம். ஒருநாள் சுசீந்திரத்தில் தெப்பக்குளத்துப் பக்கம் மெதுவாக வளைக்கும்போது முன்சக்கரம் மடங்கி வண்டி முகம்குப்புற உட்கார்ந்தது. மெதுவாகப் போனதால் யாருக்கும் காயமில்லை. அன்றைக்கு ஓட்டியவர் குழந்தைகளோடு வந்திருந்தார். அந்த முறிந்த தண்டை இன்றும் பட்டறையில் மாட்டி வைத்திருக்கிறேன், புதுப் பையன் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

ஆகவே தம்பி, பழைய கிரீஸ் கன் ஒன்றை நன்றாகக் கழுவி அதில் ஆயிலை நிரப்பி, ஜாக்கியில் சக்கரத்தைத் தூக்கி, மேலே புது ஆயில் கசியும்வரை அடியுங்கள். இந்த வாரமே.

கேள்வி: கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பழைய ஜீப் ஓட்டுகிறேன். மழைக்காலத்தில் ஆறு தாண்டித்தான் போகவேண்டும். போன வாரம் பின் ஆக்சில் ஆயிலைப் பார்த்தால் பால் சாயா நிறத்தில் இருந்தது. ஆக்சில் சீல் போன மாதம்தான் மாற்றினேன். பிறகும் ஏன்?
(வாசகர், தடிக்காரன்கோணம்)

பதில்: சீல் மேல் பழி வேண்டாம். ஏற்றத்தில் வந்த ஜீப்பின் ஆக்சில் சுடச்சுட இருக்கும். அப்படியே குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்துக்கு வெளியிலிருந்து காற்று வரத்தான் ஆக்சில் மேல் பிரீதர் என்று ஒரு சின்ன மூக்கு வைத்திருக்கிறார்கள். அது சேற்றில் அடைத்துக்கொண்டால், புது சீலாக இருந்தாலும் அதன் உதட்டு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடைக்காமல் இருந்தாலும், மூக்கே தண்ணீருக்குள் மூழ்கினால் அதன் வழியாகவே ஏறும்.

பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் ஓஸ் மாட்டி, அதன் நுனியை பானெட்டுக்குள் உயரமான இடத்தில் கட்டுங்கள். செலவு கொஞ்சம்தான். ஆறு தாண்டும் முன் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் இன்னும் நல்லது. பால் நிற ஆயிலை உடனே இறக்கிவிடுங்கள், அதில் பேரிங் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. டீசல் ஊற்றிக் கழுவாதீர்கள், மிச்சம் தங்கி புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். புது ஆயிலையே ஊற்றி இரண்டு நாள் ஓட்டி மறுபடி மாற்றுங்கள். சந்தேகம் தீராவிட்டால் சூடான தோசைக்கல்லில் இரண்டு சொட்டு விடுங்கள், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும் (கல் வீட்டுக்காரியுடையதாக இருக்க வேண்டாம்). நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆகவே ஜூன் தொடங்கி டிசம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன். ஓட்டிப் பார்த்த அன்று கியர் பெட்டியில் சத்தமே இல்லை. இப்போது ஊளையிடுகிறது. ஆயிலை இறக்கினால் மரத்தூள் வருகிறது!
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: தேய்ந்த பல்லின் சத்தத்தை விற்கும் நாள்வரை மறைக்கிற பழைய வித்தை அது. வாழைப்பழத் தோலை அடைத்த பெட்டியையும் திறந்திருக்கிறேன். தூள் ஆயில் போகும் வழியை அடைத்து பேரிங்கைப் பட்டினி போடும். உங்கள் பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும். இனிமேல் வாங்கும் முன், ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போனால் எட்டு மாதம் வரமாட்டார். அவர் ஆசையாக வைத்திருக்கும் ஹெரால்ட் அதுவரை ஷெட்டில்தான். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். போதுமா? ஸ்டார்ட் ஆகாவிட்டால் நாகர்கோவில்வரை கட்டி இழுத்து வரலாமா?
(வாசகி, குளச்சல்)

பதில்: நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் பின் ஆக்சில் அசையவே அசையாது அக்கா. மேலே இருக்கும் பற்களில் ஆயில் வடிந்து காய்ந்துவிடும், கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை யாரையாவது அழைத்து, வண்டி நன்றாகச் சூடாகும்வரை இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். வாரம் பத்து நிமிடத்தைவிட அது மேல்.

கட்டி இழுப்பது வேண்டாம். அந்தப் பெட்டியில் ஆயிலை வாரி மேலே இறைப்பது அடியில் இருக்கும் லே ஷாஃப்ட் என்ற பல்தண்டு. எஞ்சின் ஓடி, கிளட்சை மிதிக்காமல் இருந்தால்தான் அது சுழலும். நியூட்ரலில் கட்டி இழுத்தால் பின்சக்கரத்தோடு மேலே இருக்கும் மெயின் ஷாஃப்ட் மட்டும் காய்ந்தபடி சுற்றும், நாகர்கோவில் வருவதற்குள் அதன் முன்பக்கத்து பேரிங் கருகிவிடலாம். வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புங்கள். லாரி கிடைக்கவில்லை என்றால், ஆக்சில் பக்கம் இருக்கும் நாலு நட்டைக் கழற்றி கியர் பெட்டியையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை இறக்கி, முன்பக்கத்து முனையையும் வெளியே எடுத்துவிட்டு, பிறகு இழுக்கச் சொல்லுங்கள்.