மூன்று மருந்தைச் சேர்த்தால் மூன்று மடங்கு கேட்குமா?

கேள்வி: என் அப்பச்சிக்கு 68 வயது. பள்ளத்தூரில் இருக்கிறார். 2020-ல் சி.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கு பெண்டாமஸ்டின், ரிட்டுக்சிமாப் ஊசி ஆறு முறை போட்டு நன்றாக இருந்தார். இப்போது கழுத்திலும் அக்குளிலும் மறுபடி நெறி கட்டியிருக்கிறது. ஹீமோகுளோபின் 9.4. மதுரை டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, ஜானுப்ரூட்டினிப் அல்லது அகாலாப்ரூட்டினிப் மாத்திரையை, கேட்கிற வரை தொடர்ந்து சாப்பிடுவது. இன்னொன்று, வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையும் ரிட்டுக்சிமாப் ஊசியும், இரண்டு வருடத்துக்கு. காரைக்குடியில் மருந்து வாங்கித் தரும் ஒருவரோ, ‘மூன்றையும் சேர்த்தால்தான் நோய் வேரோடு போகும், வெளிநாட்டு மருந்து பாதி விலைக்குத் தருகிறேன், பில் மட்டும் கேட்காதீர்கள்’ என்கிறார். கோலாலம்பூரில் இருக்கும் சித்தப்பா, தான் வாங்கி அனுப்பவா என்று கேட்கிறார். அப்பச்சி பிரஷருக்கும் கேஸுக்கும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். எந்தச் சேர்க்கை நல்லது?

பதில்: பில் கேட்காதீர்கள் என்று சொன்னவரிடம் இனிமேல் போனில்கூடப் பேசாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மருந்துக்கு வருகிறேன். புற்றுநோய் என்று காதில் விழுந்ததுமே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிற இந்த ஆட்களால் கெட்டுப்போன சிகிச்சைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்போது சிகிச்சை தேவைதானா? தேவைதான். சி.எல்.எல். திரும்பி வந்த எல்லோருக்கும் உடனே மருந்து வேண்டியதில்லை. வெள்ளை அணுக்கள் மட்டும் ஏறியிருந்தால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூடப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் இந்த நோயால் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்கினால் காத்திருக்கக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவோ, உடம்பு தன் சிவப்பணுவைத் தானே அழிப்பதோ காரணமில்லை என்று டாக்டர் ஒருமுறை உறுதி செய்துகொள்ளட்டும். அதற்காக இன்றைக்கே மருந்து போடாவிட்டால் போச்சு என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். சோதனைகளைச் செய்து யோசிக்க இரண்டு மூன்று வாரம் இருக்கிறது.

டாக்டர் சொன்ன இரண்டு வழிகளும் வேலை செய்கிற விதமே வேறு. புற்றணு உயிரோடு இருக்கவும் பெருகவும் அதற்குள் ஓயாமல் ஒரு கட்டளை போய்க்கொண்டிருக்கும். ஜானுப்ரூட்டினிப், அகாலாப்ரூட்டினிப், இவற்றுக்கு முன்னால் வந்த இப்ரூட்டினிப் மூன்றும் அந்தக் கட்டளை போகிற வழியை அடைக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் வழி திறந்துகொள்ளும். அதனால்தான் நிறுத்தாமல் சாப்பிடச் சொல்கிறோம். வெனிடோக்ளாக்ஸ் அப்படியில்லை. காலம் முடிந்தும் சாகாமல் அந்த அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தை அது முடக்கிவிடுகிறது. அணுக்கள் கூட்டமாகச் செத்து விழும். கூடவே ரிட்டுக்சிமாப் ஊசியும் போட்டால் நோய் வெகுவாகத் தணிந்து, இரண்டு வருடத்தில் மருந்தை நிறுத்தலாம்.

எது உசத்தி என்று கேட்டால், நோய் திரும்பியவர்களில் இந்த இரண்டு வழியையும் நேருக்கு நேர் வைத்து முடிவு சொன்ன பெரிய ஆய்வு இல்லை. தனித்தனியாக நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. முரானோ என்ற ஆய்வில் 389 பேர். வெனிடோக்ளாக்ஸ், ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்க நடுமதிப்பாக நாலரை வருடம் ஆனது. அப்பச்சி முன்பு போட்டுக்கொண்ட அதே பெண்டாமஸ்டின், ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களுக்கு 17 மாதம்தான். ஆகவே ‘போன தடவை கேட்டதே, அதையே போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆல்பைன் ஆய்வில் 652 பேர். அதில் ஜானுப்ரூட்டினிப் பழைய இப்ரூட்டினிப்பைவிட நோயை நன்றாகப் பிடித்து வைத்தது. இதயத் துடிப்பு தாறுமாறாவதும் பாதிக்கும் குறைவு, 13 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதம். அகாலாப்ரூட்டினிப்பும் நோயைப் பிடிப்பதில் இப்ரூட்டினிப்புக்குச் சமம், இதயத் தொல்லை குறைவு. விலை குறைவு என்று இப்ரூட்டினிப்பைத் தலையில் கட்டினால், 68 வயது பிரஷர்காரருக்கு அது என் முதல் தேர்வு அல்ல என்று சொல்லுங்கள்.

இனி மூன்றையும் சேர்க்கிற கதை. மருந்து கூடினால் பலனும் கூடும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. சி.எல்.எல்.லில் அது அப்படி நடப்பதில்லை. இப்ரூட்டினிப்பை மட்டும் கொடுத்தவர்களையும், அதோடு ரிட்டுக்சிமாப் சேர்த்துக் கொடுத்தவர்களையும் டெக்சாஸில் 208 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். 2019-ல் முடிவு வந்தது. நோய் அடங்கியிருந்த காலத்தில் வித்தியாசமே இல்லை. ஊசிச் செலவும் அலைச்சலும்தான் மிச்சம். இப்ரூட்டினிப்போடு வெனிடோக்ளாக்ஸ் சேர்ப்பதற்கு 2022-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அது முதல்முறை சிகிச்சை எடுப்பவர்களுக்கு. மூன்றையும் சேர்ப்பது ஆய்வு மையங்களில், வாராவாரம் ரத்தம் பார்த்துச் செய்கிற காரியம். வெள்ளை அணு அடியோடு இறங்கி நிமோனியா வந்தால் அந்தக் காரைக்குடி ஆள் வந்து நிற்க மாட்டார்.

அப்பச்சிக்கு எது என்று தீர்மானிக்க இரண்டு சோதனை வேண்டும். 17பி என்ற குரோமோசோம் துண்டு விடுபட்டிருக்கிறதா, டி.பி.53 மரபணு கெட்டிருக்கிறதா என்பது முதலாவது. ‘2020-லேயே பார்த்தாச்சு’ என்பார்கள். முதலில் இல்லாதது நோய் திரும்பும்போது வந்திருக்கலாம். மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அது கெட்டிருந்தால் நான் நிறுத்தாத மாத்திரைப் பக்கம் சாய்வேன். இரண்டாவது, ஹெபடைடிஸ் பி. ‘சர்ஃபேஸ் ஆன்டிஜென்’ சோதனை மட்டும் போதாது, ‘கோர் ஆன்டிபாடி’ சோதனையும் வேண்டும். கல்லீரலில் பழைய வைரஸ் ஒளிந்திருந்தால் ரிட்டுக்சிமாப் அதைக் கிளப்பிவிடும்.

17பி சரியாக இருந்து, சிறுநீரகமும் நன்றாக இருந்தால், அப்பச்சிக்கு வெனிடோக்ளாக்ஸ், ரிட்டுக்சிமாப் என்பதுதான் என் எண்ணம். இரண்டு வருடம் என்று கெடு தெரியும், குடும்பம் அதற்குப் பணம் ஒதுக்கலாம். மாதச் செலவை மட்டும் பார்த்து ‘இது சல்லிசு’ என்று முடிவு செய்யாதீர்கள். தொடர் மாத்திரைக்கு முடிவு தேதி கிடையாது. நாலாம் வருடம் பணம் தீர்ந்து பாதியில் விடுவதுதான் எல்லாவற்றையும்விட மோசமான சிகிச்சை.

ஆனால் முதல் ஐந்து வாரம் கடினம். வெனிடோக்ளாக்ஸை எடுத்த எடுப்பில் 400 மில்லிகிராம் கொடுக்க முடியாது. முதல் வாரம் 20, அப்புறம் 50, 100, 200, ஐந்தாம் வாரம்தான் 400. ஏன் இந்தப் படிக்கட்டு? செத்த அணுக்களிலிருந்து பொட்டாசியமும் பாஸ்பரஸும் யூரிக் அமிலமும் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டினால் சிறுநீரகம் நின்றுவிடும், இதயமும் தடுமாறும். 20-க்கும் 50-க்கும் முதல் மாத்திரை போட்ட 6 முதல் 8 மணி நேரத்திலும், 24 மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுக்க வேண்டும். அதன் முடிவு அன்றைக்கே கைக்கு வர வேண்டும். பள்ளத்தூரிலிருந்து மதுரைக்குப் போய்வந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. ஐந்து வாரமும் மதுரையிலேயே தங்குங்கள். நெறி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் முதல் டோஸ்களுக்கு அட்மிட் ஆகச் சொல்லக்கூடும், சொன்னால் மறுக்காதீர்கள். இரண்டு நாள் முன்னாலிருந்தே தினம் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர். யூரிக் அமிலத்துக்கு அலோப்யூரினால் தருவார்கள். பம்ளிமாஸ், நாரத்தங்காய் ஊறுகாய் இரண்டும் சாப்பாட்டு மேசைக்கே வரக் கூடாது. கல்யாணம், படைப்பு என்று எதற்காகவும் ஒரு வாரத்தைத் தள்ளாதீர்கள். இந்த ஐந்து வாரம் முடியாது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜானுப்ரூட்டினிப் மட்டும் போதும்.

மாத்திரை வழியில் போனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடங்கிய சில வாரங்களில் நெறி வற்றும், ஆனால் வெள்ளை அணு எண்ணிக்கை ஏறும். நெறிக்குள் ஒளிந்திருந்த அணுக்கள் ரத்தத்துக்கு வெளியேறுவதால் அப்படி. என்னிடம் வந்த ஒரு பெரியவருக்கு 60,000 இருந்தது 1,10,000 ஆனது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், மருந்து கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் கழித்து அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். எலுமிச்சை அளவு இருந்த நெறி சுண்டைக்காய் அளவுக்கு வந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தியிருந்தார்கள். எண்ணைப் பார்க்காதீர்கள், நெறியையும் ஹீமோகுளோபினையும் பாருங்கள்.

கேஸ் மாத்திரைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்வதற்கு ஆளே இல்லை. அகாலாப்ரூட்டினிப் கேப்ஸ்யூலாகவும் வருகிறது, மாத்திரையாகவும் வருகிறது. கேப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். பாண்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் போல ‘ப்ரசோல்’ என்று முடிகிற எதைச் சாப்பிட்டாலும் அமிலம் நாள் முழுக்கக் குறைந்துவிடும். கேப்ஸ்யூல் சரியாகக் கரையாமல், கொடுத்த காசு வயிற்றோடு போகும். காலையில் ஒன்று ராத்திரியில் ஒன்று என்று நேரம் பிரித்துச் சாப்பிட்டாலும் உதவாது. அந்த வேலை ஃபமோடிடின் வகைக்கு மட்டும்தான் பலிக்கும்: கேப்ஸ்யூலை முதலில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஃபமோடிடின். ஜெலுசில் மாதிரித் திரவங்களுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி. அகாலாப்ரூட்டினிப்பையே மாத்திரை வடிவில் வாங்கினால் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஜானுப்ரூட்டினிப்புக்கும் இல்லை, வெனிடோக்ளாக்ஸுக்கும் இல்லை. அட்டையில் கேப்ஸ்யூலா மாத்திரையா என்று பாருங்கள், ஒவ்வொரு மாதமும் பாருங்கள். கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். பத்து வருடமாக வெறும் வயிற்றில் பாண்டோப்ரசோல் போடுகிறவர்கள் அதை மருந்து என்றே நினைப்பதில்லை, டாக்டரிடம் சொல்வதும் இல்லை.

மருந்து வாங்கும் இடம். 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. விலை உயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளை வாங்கி, உள்ளே விலை குறைந்த வேறு மருந்தை நிரப்பி விற்றவர்கள். அதனால் ரிட்டுக்சிமாப் ஏறி முடிந்ததும் காலிக் குப்பியைக் கேட்டு வாங்கி, லேபிளைப் பேனாவால் குறுக்கே கிழித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். பேட்ச் எண் பில்லில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று போடுவதற்கு முன்பே பாருங்கள். அந்த ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒரு அம்மா எவர்சில்வர் தூக்குவாளியில் ஐஸ் போட்டு, அதில் குப்பியை முக்கித் திருச்சியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தார். வந்து சேரும்போது ஐஸ் தண்ணீராகிச் சுடாத குறை. குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று, அந்த அம்மா அழுததை மறக்க முடியவில்லை. வெளியில் வாங்கி வரச் சொல்லும் மருத்துவமனைகள், எப்படி எடுத்துவர வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

காப்பீட்டுக்கும் இதே நிலைமைதான். வாயால் சாப்பிடும் கீமோதெரபியும் பாலிசியில் அடங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே சொல்லிவிட்டது. அப்படியும் ‘24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை’ என்று கோப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள். மாத்திரை சாப்பிட எதற்குக் கட்டிலில் படுக்க வேண்டும்? மறுப்பை எழுத்தில் வாங்கி, அந்த 2019 உத்தரவைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யுங்கள். மருந்து நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டங்களில் சேர டாக்டரின் கடிதம் வேண்டும், கட்டணம் கிடையாது. ‘ஃபைல் சார்ஜ்’ என்று யாராவது கேட்டால் அவர் இடைத்தரகர். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த மருந்து அதில் வரும் என்பதை மருத்துவமனைக் கவுன்டரில் எழுத்தாகவே கேளுங்கள்.

சித்தப்பா அனுப்புவது நல்ல மனசு. ஆனால் சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டு மருந்து தருவிக்க 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12பி அனுமதி வாங்க வேண்டும். அது இல்லாமல் பார்சல் சுங்கத்தில் மாட்டினால் நடு மாதத்தில் மாத்திரை நின்றுபோகும். அவர் பணமாக அனுப்பட்டும், மருந்தை மதுரையிலேயே பில்லோடு வாங்குங்கள்.

பிரஷர் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அம்லோடிபின் என்றால் பொதுவாகக் கவலையில்லை. டில்டியாசெம், வெராபமில் இரண்டில் ஒன்று என்றால், இரண்டு வழியிலும் புதிய மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறும். மருந்து தொடங்குவதற்கு முன்பே அதை மாற்ற வேண்டும். இன்று ராத்திரி அப்பச்சி சாப்பிடுகிற எல்லா அட்டைகளையும் பட்டாலையில் வரிசையாக வைத்துப் போனில் படம் எடுத்து மதுரை டாக்டருக்கு அனுப்பிவிடுங்கள்.