எழுதிய பக்கம் யாருக்கு உரியது?

கேள்வி: பள்ளியில் மொழிப்பாடம் கற்பிக்கிறேன். விடுமுறையில் 13 முதல் 16 வயது வரையுள்ள 14 மாணவர்களுக்கு, நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஆறு நாள் படைப்பெழுத்துப் பயிற்சி நடத்தும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். கதைக்கரு, பாத்திரம், உரையாடல், வருணனை, கவிதை என நாளுக்கு ஒன்றாகக் கற்பித்து, ஆறாம் நாள் போட்டி வைத்துப் பரிசளிக்கலாம் என்பது என் திட்டம். முன்னோட்டமாக நடத்திய வகுப்பில், ஒரு மாணவி எழுதிய பக்கம் மிக நன்றாக இருந்ததால், அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிப் பாராட்டினேன். அன்று முதல் அவள் எதையும் எழுத மறுக்கிறாள். நான் எங்கே தவறினேன்? பயிற்சியை எப்படி நடத்துவது?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, அந்த மாணவியிடமிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் பயிற்சியை எப்படி நடத்துவது என்பதற்கான விடையும் அவளிடம்தான் இருக்கிறது. தேர்வுத்தாளில் எழுதுகிற பிள்ளைக்கு, அதை யார் படிக்கப் போகிறார் என்பது முன்பே தெரியும். தன் மனத்திலிருந்து ஒரு பக்கத்தை எழுதுகிற பிள்ளையோ, அதை யாரிடம் காட்டுவது, காட்டத்தான் வேண்டுமா என்பதை எழுதி முடித்த பின்னும் முடிவு செய்திருக்காது. அந்த முடிவை அவளுக்காக நீங்கள் எடுத்துவிட்டீர்கள். உங்கள் பாராட்டு உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவள் காதில் விழுந்தது பாராட்டு அல்ல, தன் சொற்கள் தன்னைக் கேட்காமல் பிறர் வாயில் ஒலித்த ஓசை. அவளைத் தனியே சந்தித்து, "உன்னைக் கேட்காமல் வாசித்தது என் பிழை" என்று மட்டும் சொல்லுங்கள். மீண்டும் எழுதச் சொல்லி அதே மூச்சில் வற்புறுத்த வேண்டாம்.

முதல் நாளே எல்லோருக்கும் ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள். பக்கத்தின் மேல் மூலையில் "எனக்கு மட்டும்", "ஆசிரியர் படிக்கலாம்", "எல்லோரும் கேட்கலாம்" ஆகிய மூன்றில் ஒன்றை எழுதியவரே குறிக்க வேண்டும். பின்னர் மனம் மாறினால் அதை மாற்றவும் செய்யலாம். இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. யாரேனும் தன்னைத் துன்புறுத்துவதாகவோ, தன்னையே வருத்திக்கொள்ள எண்ணுவதாகவோ ஒரு பிள்ளை எழுதி, அது உங்கள் பார்வைக்கு வந்தால், அதை உங்களுக்குள் வைத்துக்கொள்ள முடியாது என்பதை, அவர்கள் எழுதத் தொடங்கும் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு பக்கம் வந்தால் முதலில் அந்தப் பிள்ளையிடம் தனியே, பதற்றமில்லாமல் பேசுங்கள். கவலைக்கு இடமிருப்பதாகத் தெரிந்தால் பள்ளியின் மனநல ஆலோசகரிடமோ பொறுப்பில் இருப்பவரிடமோ அன்றே கொண்டு செல்லுங்கள். ஆனால் இந்த வயதினர் சாவையும் பிரிவையும் பற்றி நிறையவே எழுதுவார்கள் என்பதால், இருண்ட கதை ஒவ்வொன்றையும் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் திட்டம். மொத்தமே 12 மணி நேரம். அதை ஐந்து தலைப்புகளுக்குப் பங்கிட்டால், மாணவர்கள் ஐந்தைப் பற்றியும் கேட்டிருப்பார்கள், ஒன்றையும் எழுதி முடித்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் பாதிக்குக் குறையாமல் அவர்கள் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். நீங்களும் உடன் அமர்ந்து எழுத வேண்டும். 300 முதல் 500 சொற்களுக்குள் அடங்கும் ஒரே ஒரு கதையையோ, வேண்டுமென்பவர் ஒரு கவிதையையோ, முதல் இரண்டு நாள்களில் தொடங்கி ஐந்தாம் நாளுக்குள் திருத்தி முடிக்கட்டும். உரையாடலும் வருணனையும் அந்த வேலையின் ஊடே, தேவைப்படும் இடத்தில், கால் மணி நேரப் பேச்சாக வந்தால் போதும்.

தொடக்கப் பயிற்சிக்கு வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் முதல் (இடமும் பொழுதும்), கரு (அங்குள்ள பொருள்களும் உயிர்களும்), உரி (உணர்ச்சி) என்னும் பகுப்பை இலக்கண வினாவாக மட்டுமே நாம் கற்பித்து வருகிறோம். எழுத அமர்ந்தவருக்கு அதைவிடக் கைக்கு அடக்கமான கருவியை நான் கண்டதில்லை. முதலில் இடத்தையும் பொழுதையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்து அங்கே இருக்கும் பொருள்களையும் உயிர்களையும் எழுதச் சொல்லுங்கள். உணர்ச்சியின் பெயரை மட்டும் கடைசிவரை எழுத விடாதீர்கள். மழை பெய்யும் மாலை, ஆளில்லாத பேருந்து நிறுத்தம், இருக்கையில் யாரோ விட்டுச் சென்ற ஒற்றைச் செருப்பு என்று எழுதிய பிள்ளைக்கு, "தனிமையாக உணர்ந்தேன்" என்ற தொடர் தேவைப்படாது.

உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் அப்படித்தான். எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்களாக நான்கு நான்கைத் தருகிறது அந்நூல். அச்சத்துக்கு அது தருபவை அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தம் அரசர்). இந்த நான்கையும் பலகையில் எழுதிவிட்டு, "உங்கள் அச்சத்தின் நான்கு களங்கள் யாவை?" என்று கேளுங்கள். நள்ளிரவில் ஒலிக்கும் தொலைபேசி, தான் நுழைந்ததும் நின்றுபோகும் பேச்சு என்று வரக்கூடும். அவற்றில் ஒன்று போதும், கதை தொடங்கிவிடும்.

திருத்தி எழுதுவதுதான் இந்த வயதில் கடினம். அதைத் தண்டனையாகவே நினைப்பார்கள். இரண்டாம் உலகப்போரில் நாஜிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க்கைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். போர்க்கால நாட்குறிப்புகளும் கடிதங்களும் போருக்குப் பின் திரட்டப்பட வேண்டும் என்று டச்சு அமைச்சர் ஒருவர் பேசியதை, 1944 மார்ச் மாதத்தில் அவள் மறைவிடத்திலிருந்து வானொலியில் கேட்டாள். அப்போது அவளுக்கு வயது 14. மே மாதத்தில் தன் நாட்குறிப்பைத் தனித்தாள்களில் மீண்டும் எழுதத் தொடங்கி, சிலவற்றை நீக்கி, சிலவற்றைச் சுருக்கி, நினைவிலிருந்து சிலவற்றைச் சேர்த்தாள். ஆகஸ்டில் பிடிபடும் வரை அந்த வேலை தொடர்ந்தது. யாரும் மதிப்பெண் தராத ஒரு வேலையை அவ்வயதுச் சிறுமி தானாக ஏற்றுச் செய்தாள் என்பது, நம் அறிவுரைகளைவிட அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

கருத்துச் சொல்வதற்கு மூன்று குழுக்கள் போதும். வாசிக்க விரும்புபவர் வாசிக்க, கேட்பவர்கள் முதலில் மனத்தில் தங்கிய ஒரு சொல்லையோ காட்சியையோ சொல்லட்டும், பிறகு தாம் வழி தவறிய இடத்தைச் சொல்லட்டும். எழுதியவர் அதுவரை பேசாமல் குறித்துக்கொள்ளட்டும். "நன்றாக இருக்கிறது" என்ற சொற்றொடரை மட்டும் ஆறு நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். எழுத்துப் பிழைகளை இறுதிப் படியில் திருத்திக்கொள்ளலாம்; பாத்திரங்கள் பேசும் பேச்சுமொழியைத் திருத்தவே வேண்டாம்.

போட்டியைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஒருவருக்குப் பரிசு கொடுத்தால் எஞ்சிய 13 பேரும் தாம் எழுத்தாளர் இல்லை என்ற முடிவோடு வீடு திரும்புவார்கள், இந்த வயதில் அந்த முடிவு நெடுங்காலம் நீடிக்கும். அதற்குப் பதிலாக, அனுமதி தருகிறவர்களின் பக்கங்களை, சொந்தப் பெயரிலோ புனைபெயரிலோ, ஒரு சிறு தொகுப்பாகத் தைத்து ஆறாம் நாள் எல்லோர் கையிலும் கொடுங்கள்.

அந்த மாணவி வந்து ஆறு நாளும் கேட்டுக்கொண்டு மட்டும் அமர்ந்திருந்தாலும் இருக்கட்டும். மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே அவளுக்கும் முதல் நாளே ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள், கடைசி நாளில் அதைத் திரும்பக் கேட்காதீர்கள்.