பழைய கம்ப்யூட்டரை நாஸ் ஆக்கலாமா?

கேள்வி: பல ஆண்டுக் குடும்பப் புகைப்படங்களும் வீடியோக்களும் ஐந்து போர்ட்டபிள் டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 3 டிபி. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து வீட்டில் உள்ளவர்கள் வைஃபையில் பார்க்க வேண்டும். வெளியூரில் படிக்கும் மகளும் பார்க்க வேண்டும். கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. இரண்டாம் தலைமுறை கோர் ஐ5 கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் பொதுச் சேமிப்புக் கணினி) ஆக்கலாமா, மினி பிசி வாங்குவதா, இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி வாங்குவதா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அந்தப் பழைய கம்ப்யூட்டரை வைத்தே தொடங்குங்கள். 35,000 ரூபாயில் பெரும்பங்கு ஹார்டு டிஸ்க்குக்குப் போகட்டும். நாஸ் என்றதும் பலர் பிராசஸரைத்தான் முதலில் தேடுகிறார்கள். எந்தத் தலைமுறை, எத்தனை கோர் என்று ஒப்பிட்டுக்கொண்டே வாரங்கள் ஓடிவிடுகின்றன. கோப்புகளை எடுத்துக் கொடுப்பது பிராசஸருக்கு மிகச் சிறிய வேலை. கிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்குச் சுமார் 110 எம்பிதான் போகும்; 2011-இல் வந்த கோர் ஐ5 அதைச் சிரமமில்லாமல் கொடுத்துவிடும். பெட்டி பழுதானால் வேறொரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க் போனால் உங்கள் மகள் நடை பழகிய வீடியோ போய்விடும்.

டிஸ்க் வாங்கும்போது கொள்ளளவுக்கும் முன்பாகக் கேட்க வேண்டியது, அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பதை. சிஎம்ஆர் வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுத்தடுத்து இருக்கும். எஸ்எம்ஆர் வகையில், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல, ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடம் ஏறிக் கிடக்கும். அதே தட்டில் கூடுதல் தகவல் அடங்கும், விலையும் இறங்கும். ஆனால் ஒரு தடத்தைத் திருத்தி எழுத வேண்டுமானால் அதன்மேல் படிந்த தடங்களையும் சேர்த்து எழுதியாக வேண்டும். படிக்கும்போது வித்தியாசமே தெரியாது. பெரிய அளவில் தொடர்ந்து எழுதும்போதுதான் வேகம் சட்டென்று இறங்கும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு முறையில் ஒரு டிஸ்க் பழுதாகி, மாற்று டிஸ்க்கை நிரப்பும் வேளையில் மணிக்கணக்கில் முடிய வேண்டியது நாள்கணக்கில் இழுக்கும்.

அட்டைப்பெட்டியில் நாஸ் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. பிறகுதான் அந்நிறுவனம் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தது. அதனால் வெறும் ரெட் வேண்டாம், ரெட் பிளஸ் கேளுங்கள். சீகேட்டில் அயன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர்தான். மேசைக் கணினிக்கான பாரகுடா 4 டிபி எஸ்எம்ஆர். விலை குறைவு என்று கடையில் அதைக் காட்டினால் மறுத்துவிடுங்கள். உங்களுக்கு 4 டிபி இரண்டு போதும். ஐந்து போர்ட்டபிள் டிஸ்க்குகள் சேர்ந்திருக்கும் வீட்டில் ஒரே படம் இரண்டு மூன்று இடங்களில் இருப்பது வழக்கம். ஒழுங்குபடுத்தினால் அந்த 3 டிபி கொஞ்சமாவது குறையும்.

மலிவாக வரும் பழைய டிஸ்க்குகளில் உங்கள் படங்களை வைக்காதீர்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் புதியவை என்ற பெயரில் விற்கப்பட்டது அம்பலமானது. ஓடிய நேரத்தைக் காட்டும் எண் பூஜ்யமாக்கப்பட்டிருந்தது; டிஸ்க்கிலேயே தனியாக இருக்கும் ஃபார்ம் என்ற பதிவுதான் காட்டிக்கொடுத்தது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சரி, பில்லை வாங்கி, டிஸ்க்கின் சீரியல் எண்ணை உற்பத்தியாளரின் இணையதளத்தில் போட்டு வாரண்டி தேதியைப் பாருங்கள். அடுத்து, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து 5, 197 ஆகிய வரிசை எண்களைப் பாருங்கள். புதிய டிஸ்க்கில் இவற்றின் மூல மதிப்பு (ரா வேல்யூ) பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே திருப்பிக் கொடுங்கள். 199 என்ற வரிசை மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைப் பழிக்க வேண்டாம். அது பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாறு. சிறு செலவில் கேபிளை மாற்றினால் நின்றுவிடும். இது தெரியாமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு டிஸ்க் வாங்கிவிட்டு ரெய்டு மிரர் (ஒரே தகவலை இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறை) போடத்தான் எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மிரரில் ஓர் ஆல்பத்தைத் தவறுதலாக அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்கக் கூடாத அலுவலகத்துக்கு மிரர் தேவை. புகைப்படம் பார்க்கும் வீட்டுக்கு ஒருநாள் நின்றால் நட்டமில்லை. முதல் டிஸ்க்கில் எல்லாவற்றையும் வைத்து, இரண்டாவதில் வாரம் ஒருமுறை பிரதி எடுங்கள். மூன்றாவது பிரதி இப்போதிருக்கும் போர்ட்டபிள் டிஸ்க்குகளிலேயே இருக்கிறது. அவற்றை அழிக்காமல் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இனி அந்தக் கம்ப்யூட்டர். இரண்டாம் தலைமுறையின் விலை குறைந்த எச்61 மதர்போர்டுகள் சிலவற்றில் லேன் முனை 100 எம்பிபிஎஸ்தான். ரூட்டரிலும் அதே குறை இருக்கலாம். அப்படியானால் விநாடிக்கு 11 எம்பிதான் வரும். 3 டிபியை ஏற்ற கிகாபிட்டில் எட்டு மணி நேரத்துக்குள் முடியும். இதில் மூன்று நாளைத் தாண்டும். ஒரு கிகாபிட் லேன் கார்டும் சிறிய கிகாபிட் ஸ்விட்சும் வாங்கினால் தீர்ந்தது. அந்த போர்டுகளின் சாட்டா முனைகள் பழைய வேகத்தவை என்றாலும் ஹார்டு டிஸ்க்குக்குத் தாராளம். பவர் சப்ளை பெயர் தெரியாத மலிவு வகையாக இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்க, பிளாஸ்டிக்கை வார்த்து மூடிய மோலெக்ஸ்–சாட்டா மாற்றியை (பழைய வகை மின் முனையை டிஸ்க்குக்கு ஏற்றதாக மாற்றும் துண்டு) பயன்படுத்தாதீர்கள். உள்ளே கம்பிகள் உரசித் தீப்பிடித்த நிகழ்வுகள் உண்டு.

பழைய இயந்திரத்தின் உண்மையான குறை மின்சாரம். டிஸ்க்குகளோடு சும்மா ஓடினாலே 50 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 72 யூனிட். எட்டாம் தலைமுறை அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்று 25 வாட்டில் ஓடினால் 36 யூனிட். உங்கள் வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி இருந்தால் இந்த வித்தியாசம் மின் கட்டணத்தின் மேல் படிக்குத் தள்ளிவிடும். இல்லையென்றால் இதற்காக மட்டும் புதிய இயந்திரம் வாங்கத் தேவையில்லை. மாலை 6 மணிக்குத் தானே எழுமாறு பயாஸிலும் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு), இரவு 11 மணிக்கு அணையுமாறு நாஸ் மென்பொருளிலும் நேரம் குறித்து வைத்தால் 15 யூனிட்டில் முடிந்துவிடும்.

பின்னால் மாற்றும்போது டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்ற பழைய அலுவலகப் பெட்டிகளில் எட்டாம் தலைமுறையைத் தேடுங்கள். வாங்குமுன் மூடியைத் திறந்து, 3.5 அங்குல டிஸ்க் இரண்டு உட்காருமா, இரண்டுக்கும் மின் முனை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். உள்ளங்கை அளவு மாடல்களில் 3.5 அங்குல டிஸ்க்குக்கு இடமே இல்லை. இன்டெல் என்100 மினி பிசி மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும், நல்ல பிராசஸர்தான். ஆனால் டிஸ்க்குகளை யுஎஸ்பி வழியாக வெளியே தொங்கவிட வேண்டிவரும். யுஎஸ்பி இணைப்பு இடையில் அறுந்து ஒட்டும் தொல்லை நாள் முழுக்க ஓடும் சர்வருக்கு ஆகாது. ரெடிமேட் நாஸ் பெட்டியின் விலையில் பெரும்பகுதி அதன் மென்பொருளுக்கு. லினக்ஸ் பக்கம் போகவே விருப்பமில்லை என்றால் மட்டும் வாங்குங்கள். மற்றபடி இலவசமாகக் கிடைக்கும் ஓபன்மீடியாவால்ட் என்ற லினக்ஸ் நாஸ் மென்பொருளும் 8 ஜிபி ரேமும் உங்களுக்குத் தாராளம்.

கரண்ட் போகும் நொடியில் எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்குத்தான் ஆபத்து. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் கூடுதல் என்பதால் கம்ப்யூட்டர் அணைந்து எழலாம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று அவசியம். பெட்டியைப் பரணிலோ டிவி அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். சித்திரை வெயிலிலும் டிஸ்க்கின் வெப்பம் 45 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

மகள் பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறக்கவே வேண்டாம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர் தாக்கியது, இணையத்துக்கு நேராகத் திறந்துவைத்திருந்த க்யூநாப் நாஸ் பெட்டிகளைத்தான். சர்வரிலும் மகளின் போனிலும், இரண்டையும் தனி வலையில் பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலியை நிறுவுங்கள். தனிப்பட்ட உபயோகத்துக்கு அது இலவசம். பொது ஐபி முகவரி தராத இணைப்பிலும் வேலை செய்யும். சர்வரை மாலையில் மட்டும் ஓட்டுவதானால் அந்த நேரத்தை மகளிடம் சொல்லிவிடுங்கள்.