வெளிநாட்டில் ஞாயிறு திருப்பலி: கோவில் தேடுவோரின் கேள்விகளுக்குப் பதில்

நான் தூத்துக்குடிக்காரன். கப்பலில் பொறியாளராக 22 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது திருப்பயணக் குழுக்களுக்கு வழித்துணையாகச் சென்றுவருகிறேன். இறங்கிய ஊரிலெல்லாம் பூசைக்குக் கத்தோலிக்கக் கோவில் தேடி அலைந்தவன் என்பதுதான் இங்கே பதில் சொல்ல எனக்குள்ள தகுதி. நான் குருவும் அல்லன், திருச்சபைச் சட்ட அறிஞனும் அல்லன்.

கேள்வி: தோத்திரம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து சூரிச்சில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறேன். பக்கத்தில் பழைய பெரிய கோவில்கள் பல இருப்பதாகச் சொல்கிறாள். ஆனால் எது நம்முடையது என்று அவளுக்கே தெரியவில்லை. எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: அம்மா, சூரிச்சில் கோபுரத்தைப் பார்த்துக் கோவிலைத் தேடினால் தவறான இடத்துக்கே போய்ச் சேர்வீர்கள். படங்களில் வரும் இரட்டைக் கோபுரக் குரோஸ்மூன்ஸ்டரும், ஆற்றின் மறுகரையில் நிற்கும் ஃபிராவ்மூன்ஸ்டரும் 16-ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தவாதி சுவிங்லியின் காலத்திலேயே சீர்திருத்த சபையின் கைக்குப் போய்விட்டன. ஆகவே கட்டடத்தை விட்டுவிட்டு வாசல் பலகையைப் படியுங்கள். ‘எவாங்கெலிஷ்’ என்ற சொல் இருந்தால் அது பிரிந்த சபையினரின் ஆலயம்.

‘கத்தோலிஷ்’ என்ற சொல்லைக் கண்டவுடனும் நுழைந்துவிட வேண்டாம். அதே நகரில் ஆகுஸ்டினர் ஆலயம் என்று ஒன்று உண்டு; அது ‘கிறிஸ்ட்கத்தோலிஷ்’ சபைக்கு உரியது. 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் தவறா வரத்தை, அதாவது விசுவாசக் கோட்பாட்டை அறுதியிட்டு அறிவிக்கையில் அவர் தவறமாட்டார் என்பதை, கோட்பாடாக அறிவித்தபோது அதை ஏற்க மறுத்துப் பிரிந்தவர்கள் அவர்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ‘ஆல்ட்கத்தோலிஷ்’ என்ற பெயரில் இருக்கிறார்கள். பீடம், பூசை உடை, மெழுகுதிரி என எல்லாம் நம் கோவிலைப் போலவே தோன்றுவதால், உள்ளே போய்ப் பார்த்தும் வேறுபாடு புரியாது. நீங்கள் தேட வேண்டியது ‘ரோமிஷ்-கத்தோலிஷ்’ என்ற இரட்டைச் சொல். சூரிச் மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள லீப்ஃபிராவன் மாதா கோவில் அப்படிப்பட்டது.

இன்னொன்று. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்சு, நார்வே ஆகிய நாடுகளில் ஈழத்தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஆன்மீகப் பணியகங்கள் உள்ளன. குறித்த நாள்களில் வெவ்வேறு ஊர்களில் தமிழ்த் திருப்பலி நடக்கும். மகளை அங்கே ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள். ஆகஸ்டு மாதத்தில் போகிறீர்கள் என்றால், ஜெர்மனியின் கேவலார் மாதா திருத்தலத்தில் ஆயிரக்கணக்கான தமிழர் கூடும் திருவிழாவையும் விட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளைக் கோவிலுக்கு இழுத்துவர ஜெர்மன் மொழி மறையுரையைவிட அந்தக் கூட்டம் எளிதில் உதவும் என்பது என் எண்ணம்.

கேள்வி: லண்டனில் நான்கு நாள் தங்கப்போகிறோம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஞாயிறு பூசை காண வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. முன்பதிவு தேவையா?

பதில்: அங்கே ஞாயிறு வழிபாடு உண்டு, கட்டணமும் இல்லை, ஆனால் அது ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாடு. அப்பா மனத்தில் வைத்திருப்பது வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயமாக இருக்கலாம். அது விக்டோரியா ரயில் நிலையத்துக்கு அருகில், சிவப்புச் செங்கல்லில் வெள்ளைக் கல் பட்டைகளோடு, பிசாந்திய பாணியில் கட்டப்பட்டு 1903-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. புனித பவுல் பேராலயமும் ஆங்கிலிக்கன் சபையினுடையதே. சதக் பகுதியிலோ இரு சபையினருக்கும் ஆளுக்கொரு பேராலயம் இருக்கிறது. புனித ஜார்ஜ் பெயரிலுள்ளது நம்முடையது.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1998-இல் டப்ளின் துறைமுகத்தில் இறங்கியபோது, அயர்லாந்து கத்தோலிக்க நாடு, புனித பேட்ரிக் அதன் பாதுகாவலர், எனவே அவர் பெயரிலுள்ள பேராலயம் வேறு யாருடையதாக இருக்கும் என்று எண்ணி, யாரிடமும் கேளாமல் போய் உட்கார்ந்துவிட்டேன். பாடல் குழு அத்தனை அருமை. நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயர் வரும் என்று காத்திருந்தேன், கடைசிவரை வரவில்லை. அந்நகரின் இடைக்காலப் பேராலயங்கள் இரண்டுமே அயர்லாந்து சபை எனப்படும் ஆங்கிலிக்கன் சபையின் வசம் உள்ளவை என்று பிறகுதான் தெரிந்தது. நியூயார்க்கில் நிலைமை நேர்மாறு: ஐந்தாம் அவென்யூவில் உள்ள புனித பேட்ரிக் பேராலயம் நம்முடையது, அதே சாலையில் சற்று வடக்கே உள்ள புனித தோமா ஆலயம் அமெரிக்க ஆங்கிலிக்கன் சபையான எப்பிஸ்கோப்பல் சபையினருடையது.

திருத்தந்தையின் பெயரையும் உள்ளூர் ஆயரின் பெயரையும் சொல்லி மன்றாடுவது நல்ல அடையாளம்தான். ஆயினும் இங்கிலாந்தில் சில ஆங்கிலிக்கன் பங்குகள் (உள்ளூர்க் கோவில் சமூகங்கள்) தூபம், மாதா சுரூபம், நற்கருணைப் பேழை எல்லாம் வைத்து, தங்கள் வழிபாட்டையும் ‘மாஸ்’ என்றே அழைத்து, திருத்தந்தைக்காகவும் மன்றாடுகின்றன. ஆகவே முன்கூட்டியே மறைமாவட்டத்தின் இணையதளத்தில் அந்தக் கோவிலின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி. லண்டனில் நம் மறைமாவட்டங்கள் தேம்சு ஆற்றின் வடக்கே வெஸ்ட்மின்ஸ்டர், தெற்கே சதக். கிழக்குப் புறநகர்களுக்கு பிரென்ட்வுட். ‘லண்டன் மறைமாவட்டம்’ என்று எழுதியிருந்தால் அது ஆங்கிலிக்கன்.

கேள்வி: பூசை நேரத்தை எங்கே பார்ப்பது? கூகுள் மேப்பில் உள்ள நேரத்தை நம்பலாமா?

பதில்: கோவில் இருக்கும் இடத்துக்கு மேப்பை நம்புங்கள், நேரத்துக்கு நம்பாதீர்கள். அதில் காட்டுவது பெரும்பாலும் கதவு திறந்திருக்கும் நேரம். பல நாடுகளுக்கு மாஸ்டைம்ஸ் தளமும், பிரான்சுக்கு அந்நாட்டு ஆயர் பேரவையின் மெஸ் இன்ஃபோ தளமும் உதவும். எனினும் கடைசிச் சொல் அந்தப் பங்கின் அவ்வார அறிவிப்புத் தாளுக்கே உரியது. ஐரோப்பாவில் ஜூலை, ஆகஸ்டு விடுமுறையில் பூசைகளைக் குறைத்துவிடுவார்கள்; ஒரே குருவானவர் ஐந்தாறு கோவில்களைப் பார்க்கும் சிற்றூர்களில், இந்த வாரம் பூசை நடந்த கோவில் அடுத்த வாரம் பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடனை, அதாவது ஞாயிறு பூசை காணும் கடமையை, நிறைவேற்றும் என்று திருச்சபைச் சட்டம் 1248 சொல்வதால், பயணத்தில் இருப்பவர்கள் முதலில் சனி மாலையைக் குறிவைப்பது நல்லது. தவறினால் ஞாயிறு கையில் இருக்கும்.

கேள்வி: வேலை நிமித்தம் ஒரு மாதம் தோஹாவிலும் பிறகு ரியாத்திலும் இருக்க வேண்டும். அங்கெல்லாம் கோவில் உண்டா?

பதில்: தோஹாவில் உண்டு. 2008-இல் திறக்கப்பட்ட செபமாலை மாதா கோவில், பல கிறிஸ்தவ சபைகளுக்கும் அரசு ஒதுக்கிய வளாகத்துக்குள் இருக்கிறது. வெளியே சிலுவையோ மணிக்கூண்டோ இராது என்பதால், டாக்சி ஓட்டுநரிடம் வளாகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆதலால், ஞாயிற்றுக்குரிய வழிபாடே வெள்ளியிலும் சனியிலும் நிறைவேற்றப்படுகிறது. ஐக்கிய அரபு அமீரகம் மட்டும் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. அங்கே பழைய பூசை அட்டவணையை யாராவது அனுப்பினால் ஏமாறாதீர்கள்.

சவூதி அரேபியாவில் கோவிலே கிடையாது. பிற சமயத்தாரின் பொது வழிபாட்டுக்கு அனுமதியும் இல்லை. திருப்பலிக்கு வழியில்லாத இடத்தில், இறைவார்த்தையைப் படித்துத் தனியாகவோ குடும்பமாகவோ செபிக்கவே அதே 1248-ஆம் சட்டத்தின் இரண்டாம் பகுதி பரிந்துரைக்கிறது. விசா கிடைத்தால் பஹ்ரைனுக்குப் போகலாம். 2021-இல் அர்ப்பணிக்கப்பட்ட அரேபிய அன்னை பேராலயம் அங்கே அவாலியில் உள்ளது. ரியாத்திலிருந்து தொலைவு அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: மொழி புரியாமல் பூசை கண்டு என்ன பயன்?

பதில்: முழுவதும் புரியாமல் போகாது. ரோமை வழிபாட்டு முறையில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் உலகெங்கும் ஒன்றே. கைபேசியில் அன்றைய தமிழ் வாசகத்தை வைத்துக்கொண்டால் மறையுரை தவிர மற்ற அனைத்தையும் பின்தொடரலாம். இதற்கு விலக்காக மிலான் பேராலயம் இருக்கிறது. அங்கே அம்புரோசியார் வழிபாட்டு முறை என்பதால் வாசகங்கள் மாறும், சமாதான வாழ்த்து காணிக்கைப் பவனிக்கு முன்பே வரும், திருவருகைக் காலம் ஆறு வாரம். ‘ஏதோ தவறான கோவிலுக்கு அழைத்து வந்துவிட்டீர்கள்’ என்று என் குழுவில் ஒரு பாட்டி அங்கே என்னைக் கடிந்துகொண்டார். அதுவும் கத்தோலிக்கத் திருப்பலியே. எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் கண்டாலும் கடன் நிறைவேறும். கேரளத்தின் சீரோ மலபார், லெபனானின் மாரோனைட் முறைகளுக்கும் இது பொருந்தும். தமிழிலேயே வேண்டுமென்றால், சிங்கப்பூரில் ஓஃபிர் சாலையிலுள்ள 1888-ஆம் ஆண்டின் லூர்து மாதா கோவிலுக்கும், கோலாலம்பூரில் புனித அந்தோணியார் கோவிலுக்கும் போகலாம்.

கேள்வி: செருப்பை வெளியே விட வேண்டுமா? முக்காடு?

பதில்: இரண்டும் தேவையில்லை. குளிர்நாட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் எல்லாரும் உங்களையே பார்ப்பார்கள். ஆனால் ரோமை போன்ற இடங்களின் பெரிய கோவில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

கேள்வி: திருப்பூரிலிருந்து வியாபாரமாகக் குவாங்சோ போகிறேன். அரசு அனுமதித்த கோவிலில் பூசை கண்டால் தவறு என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: ஒரு காலத்தில் பலருக்கும் இருந்த மனக்குழப்பம் அது. 2018 செப்டம்பரில் வத்திக்கானும் சீன அரசும் ஆயர் நியமனம் குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டபோது, திருத்தந்தை பிரான்சிஸ், ரோமையின் அனுமதியின்றித் திருநிலைப்படுத்தப்பட்ட சீன ஆயர்களை மீண்டும் ஒன்றிப்பில் ஏற்றுக்கொண்டார். ஆகையால் குவாங்சோவின் திரு இருதயப் பேராலயத்துக்குத் தயங்காமல் போங்கள். 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட கருங்கல் கோவில் அது, ஊரார் ‘கல் வீடு’ என்பார்கள். அதே வேளையில், அரசியல் பேச்சையும் செபப் புத்தகக் கட்டுகளையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

சீன மொழியில் கத்தோலிக்கக் கோவில் ‘தியென்ஜு தாங்’, அதாவது விண்ணகத் தலைவரின் மன்றம். வெறுமனே கிறிஸ்தவக் கோவில் எது என்று கேட்டால் புரொட்டஸ்டன்டு ஆலயத்தைக் காட்டுவார்கள். கொரியாவில் ‘சொங்தாங்’ நம்முடையது, ‘கியோஹே’ அவர்களுடையது. இந்தோனேசியாவில் அரசே கத்தோலிக்கத்தையும் புரொட்டஸ்டன்டு கிறிஸ்தவத்தையும் இரு தனித்தனிச் சமயங்களாகப் பதிவு செய்வதால், ‘கெரெஜா கத்தோலிக்’ என்று கேட்டால் குழப்பமே இராது.

கேள்வி: ஏதென்சில் ஆர்த்தடாக்ஸ் கோவிலில் நன்மை (நற்கருணை) வாங்கலாமா?

பதில்: அவர்களுடைய நற்கருணை செல்லத்தக்கது என்றே நம் திருச்சபை ஏற்கிறது, நம் குருவை அணுக முடியாத நிலையில் பெற்றுக்கொள்ளச் சட்டம் 844 இடமும் தருகிறது. ஆனால் அவர்கள் பொதுவாக நமக்குத் தருவதில்லை, அந்த முறையை நாம் மதிக்க வேண்டும். அங்கே வழிபாடு காண்பது ஞாயிறு கடனையும் நிறைவேற்றாது. ஏதென்சின் நடுவிலேயே புனித தியோனீசியு கத்தோலிக்கப் பேராலயம் இருக்கும்போது இந்தச் சிக்கலே எழாது.

கேள்வி: ஐயா, நான் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறேன். மூன்று மாதமாகக் கோவிலைக் கண்ணால் பார்க்கவில்லை. வீட்டில் அம்மா வருந்துகிறார்.

பதில்: தம்பி, முடியாததற்குத் திருச்சபை யாரையும் கட்டுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். என் காலத்தில் நான்கு பேர் காவல் மாற்றத்துக்கு முன் சாப்பாட்டு அறையில் கூடி, அன்றைய வாசகத்தைப் படித்து ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்வோம்; அதுவே எங்கள் ஞாயிறு. 1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கப்பட்ட ஸ்டெல்லா மாரிஸ் அமைப்புக்குப் பல துறைமுகங்களில் ஆன்ம குருக்கள் உள்ளனர். நீங்கள் கோவிலுக்குப் போக நேரமில்லை என்றால் அவர்களே கப்பலுக்கு ஏறி வந்து திருப்பலி நிறைவேற்றுவதும் உண்டு. ஆனால் துறைமுகம் சேர்வதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, கப்பலின் பெயரையும் வந்து சேரும் நேரத்தையும் எழுதி அனுப்பிவிடுங்கள். இப்போதெல்லாம் கன்டெய்னர் கப்பல் ஒரு நாள்கூட முழுதாக நிற்பதில்லை. கயிறு கட்டிய பிறகு எழுதினால், பதில் வரும்போது நீங்கள் மறுபடி கடலில் இருப்பீர்கள்.