ஃபிரேமைக் கழற்றாமல் வாங்காதீர்கள்: பழைய வரைபடங்கள் பற்றிக் கேள்வி-பதில்

கேள்வி: 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த சென்னைக் கோட்டையின் வரைபடம் ஒன்று ஆன்லைனில் விலைக்கு வந்திருக்கிறது. பெல்லின் என்ற பிரெஞ்சு வரைபடக்காரருடையதாம், 1750-ஐ ஒட்டி அச்சான அசல், கையால் வண்ணம் தீட்டியது, ஃபிரேம் போட்டே தருகிறோம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ஃபிரேமைக் கழற்றி, நான்கு ஓரங்களையும் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடியாது என்றால் பேச்சை அதோடு விட்டுவிடலாம். அசலா போலியா என்று சொல்லும் தடயங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையான மவுண்ட் மறைப்பதும் அவற்றைத்தான்.

கைக்கு வந்ததும் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். வண்ணமும் கோடும் சிறுசிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது இந்தக் காலத்து ஆஃப்செட் நகல். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதென்றால் கோடு புள்ளியில்லாமல் ஓடி முனையில் ஊசியாய்ச் சிறுக்கும். மை தாளுக்கு மேல் லேசாகப் புடைத்திருக்கும். படத்தின் எல்லைக் கோட்டுக்குச் சற்று வெளியே, தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் சுற்றிவரத் தெரிய வேண்டும். ஆனால் ஓரத்தை வெட்டிய அசலில் இந்தப் பள்ளம் இருக்காது. நல்ல நகலில் வேண்டுமென்றே அழுத்தியும் வைப்பார்கள். அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அந்தக் காலத்தில் கையால் செய்த தாளில் நெருக்கமான மெல்லிய வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தடித்த வரிகளும் ஓடும். டீ டிக்காஷனில் தோய்த்துப் பழசாக்கிய தாள் முழுக்க ஒரே பழுப்பாக இருக்கும். உண்மையில் வயதான தாள் காற்றுப்பட்ட ஓரத்தில் கறுத்து, நடுவில் வெளிறியிருக்கும்.

பெல்லின் படங்களில் பல, பிரெஞ்சு எழுத்தாளர் பிரேவோ தொகுத்த பயண நூல் வரிசைக்காகச் செதுக்கப்பட்டவை. புத்தகத்துக்குள் மடித்து வைத்ததால் மடிப்புத் தடம் இருக்கும். தடமே இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். தலைப்பு பிரெஞ்சோடு டச்சிலும் இருந்தால், அது நெதர்லாந்துப் பதிப்புக்காக மறுபடி செதுக்கியது. அதுவும் பழையதுதான், போலியல்ல.

வண்ணத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். இந்தப் புத்தகப் படங்களில் பல கறுப்பு வெள்ளையாகவே வெளிவந்தவை; பின்னாளில் வியாபாரிகள் வண்ணம் தீட்டியது சகஜம். 'அந்தக் காலத்து வண்ணம்' என்று சாதித்தால் பச்சை பூசிய இடத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய செப்புப் பச்சை நாளடைவில் தாளை அரிக்கும், பின்னால் பழுப்பாக ஊறும். முன்னால் பளிச்சென்றும் பின்னால் வெள்ளையாகவும் இருந்தால் பெரும்பாலும் புது வேலை.

பில்லில் '1746 வரைபடம்' என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது படம் காட்டும் ஆண்டு. அச்சிட்ட ஆண்டு, எந்த நூலிலிருந்து எடுத்தது, வண்ணம் எப்போதையது, ஒட்டுவேலை நடந்ததா, போலி என்று தெரிந்தால் பணம் திரும்புமா, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

கேள்வி: கடலோர வீட்டுச் சுவரில் மாட்டலாமா?

பதில்: ஈரம் ஊறும் வெளிச்சுவரும் வெயில் படும் சுவரும் வேண்டாம். அமிலமில்லாத மவுண்ட் போர்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கேளுங்கள். படம் கண்ணாடியைத் தொடக்கூடாது, தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும் வைத்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். செல்லோடேப் கறை போகாது. லேமினேஷன் செய்தால் படத்துக்கு மதிப்பே இல்லை.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

பதில்: 'அச்சடித்த தாள்தானே' என்று கூரியரில் போட்டுவிடாதீர்கள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருள் தொல்பொருளாகலாம். கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 ஆண்டே போதும். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் கிடைத்தால் மட்டும் அனுப்புங்கள்.