ஹெப்பாடோபெட்டல் என்பது நோய் இல்லை, கீழே இருக்கும் எண்களைப் பாருங்கள்

உங்கள் அப்பாவின் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 'ஹெப்பாடோபெட்டல்' என்று இருப்பதைப் பார்த்து என்ன நோயோ என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். அது நோயே இல்லை. போர்ட்டல் வெயினில் ரத்தம் கல்லீரலை நோக்கிப் போகிறது என்று அர்த்தம், அப்படித்தான் போகவும் வேண்டும். குடலிலும் மண்ணீரலிலும் இருந்து வரும் ரத்தம் அது, கல்லீரலுக்குக் கிடைப்பதில் முக்கால் பங்கு இந்தக் குழாய் வழியாகத்தான்.

என்னைக் கேட்டால் நீங்கள் எழுதியிருக்கும் மற்ற இரண்டு எண்களைத்தான் பார்க்க வேண்டும்: அகலம் 14 மி.மீ., வேகம் நொடிக்கு 11 செ.மீ. பொதுவாக அகலம் 13-க்குள், வேகம் 16 முதல் 40 வரை இருக்கும். கல்லீரல் தழும்பேறி இறுகினால் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் தேங்கும், குழாய் விரியும், ஓட்டம் மந்தமாகும், ரொம்ப முற்றிப்போனால் திசையே திரும்பி, திரையில் வழக்கமாகச் சிவப்பாகத் தெரிகிற குழாய் நீலமாகத் தெரியும். அதுதான் ஹெப்பாடோஃபியூகல். அப்பாவுக்கு அந்த நிலை இல்லை.

சரி, இந்த எண்களை மட்டும் வைத்து முடிவுகட்டவும் முடியாது. மூச்சை இழுத்துப் பிடித்தாலே அகலம் கூடும், ப்ரோபை (வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவியை) பிடித்த கோணம் சரியில்லை என்றால் வேகம் தப்பாக வரும். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, பிளேட்லெட் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கல்லீரல் மருத்துவரிடம் போங்கள், எண்டோஸ்கோபி தேவையா என்றும் கேளுங்கள். நடுவில் ரத்த வாந்தியோ தார் மாதிரி கறுப்பாக மலமோ போனால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.