ஐந்தாவது குருவி

கேள்வி: அக்கா, எனக்கு வயது 37. முக்கூடல் பக்கம் கிராமம். ஐந்தாவது பெண், எனக்குப் பிறகு ஒரு தம்பி. "நீ கொசுறாகப் பிறந்தவ" என்று அம்மாவே சொல்வாள். அக்காமார் நாலு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கு வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போனது. தம்பி வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறேன். கூலி அவன் கையில்தான் போகிறது. கடையில் சரியில்லாத பீடியைக் கழிப்பதுபோல ஆண்டவரும் என்னைக் கழித்துவிட்டாரோ? "நீ கர்த்தருக்கு அருமையானவள்" என்று பிரசங்கத்தில் கேட்டால் வேறு யாருக்கோ சொல்வதுபோல இருக்கிறது. எங்கள் சபைப் போதகரின் மனைவி ஐயரம்மாவிடம் அழுதேன். "தோனாவூர் அம்மாவைப் பார், கல்யாணமே பண்ணாமல் எத்தனை பிள்ளைகளை வளர்த்தார்கள்" என்றார்கள். இன்னும் குறுகிப்போனேன். நாலு மாதமாக ராத்திரி தூக்கமும் இல்லை.
பெயர் வேண்டாம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கொசுறு என்ற சொல்லைப் படித்ததும் வேதப்புத்தகத்தை எடுத்து இரண்டு இடங்களைப் பார்த்தேன். நீயும் எடுத்துப் பார். மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. அந்தக் கணக்குப்படி இரண்டு காசுக்கு நாலுதானே வரவேண்டும்? ஆனால் லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இரண்டு காசுக்கு ஐந்து என்று இருக்கிறது. நம்மூர்ச் சந்தையில் மொத்தமாக வாங்கினால் மேலே ஒன்று போடுவார்களே, அதுபோல. ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை, அது கொசுறு. அதைச் சொன்ன கையோடு இயேசு சொல்கிறார்: "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை." நாலு குருவியின் கணக்கோடு அவர் நிறுத்தவில்லை. அந்த ஐந்தாவதையும் அவர் எண்ணியிருக்கிறார், தங்கச்சி.

"அருமையானவள்" என்ற வார்த்தை உனக்குச் சொன்னதுபோல இல்லை என்கிறாய். ஏசாயா 43இல் அந்த வசனத்தை மட்டும் தனியாகப் படித்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கும். அதற்கு முந்தின அதிகாரத்தின் கடைசிப் பகுதியிலிருந்து படித்து வா. அங்கே தேவன் தம் ஜனத்தைக் குருடர், செவிடர் என்கிறார். கொள்ளையடிக்கப்பட்டு, சூறையாடப்பட்டு, கெபிகளில் அகப்பட்டுக் கிடக்கிற கூட்டம் அது. பாராட்ட அவர்களிடம் ஒன்றுமே இல்லை. அந்த ஆட்களைப் பார்த்துத்தான் உடனே, "நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய், நானும் உன்னைச் சிநேகித்தேன்" என்கிறார். நன்றாக இருக்கிறவர்களுக்குக் கொடுத்த சான்றிதழ் என்று நினைத்து நீ அதை விட்டுத் தள்ளி நிற்கிறாய். அது கழிக்கப்பட்டவர்களுக்குச் சொன்னது.

ஐயரம்மா சொன்னதற்கு வருவோம். அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் உன் காதில் அது எப்படி விழுந்தது? 'கல்யாணம்தான் ஆகவில்லை, சாதித்தாவது காட்டு' என்று விழுந்திருக்கிறது. அவர்கள் சொன்ன தோனாவூர் அம்மா, மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையை நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். 1901 மார்ச் மாதம் அவர் பண்ணைவிளையில் தங்கியிருந்தார். தேவதாசியாகக் கோயிலுக்கு விடப்பட்டு அங்கிருந்து தப்பி ஓடிவந்த ஒரு சின்னப் பெண் அவரிடம் வந்து சேர்ந்தாள். பெயர் பிரீனா, வயது ஏழு இருக்கும். அவள் கையில் என்ன இருந்தது? சொத்தா, படிப்பா, ஊழியமா? ஒன்றுமில்லை. வந்து ஒட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். தோனாவூர்க் குடும்பம் அப்படித்தான் ஆரம்பித்தது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நம்மை ஏமி அம்மையாரின் இடத்தில் நிறுத்திப் பார்க்கிறோம். நீ பிரீனாவின் இடத்தில் நின்று பார். நமக்கும் ஆண்டவருக்கும் உள்ள உறவில் நாம் முதலில் அந்தப் பிள்ளைதான்.

எனக்கு இது தெரிய அறுபது வயது ஆனது. முப்பத்திநாலு வருடம் டீச்சராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். அந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் சேலையைக் கட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். 'டீச்சர்' என்று கூப்பிட ஆள் இல்லாதபோது நான் யார் என்றே தெரியவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் ஒரு கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்துத் தண்ணீர் ஊற்றினார் ஐயர். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. என்னையும் இப்படித்தானே பெயர் சொல்லி அழைத்தார்கள், நான் ஒரு எழுத்து எழுதும் முன்னே, ஒரு பாடம் நடத்தும் முன்னே என்று நினைத்து அழுதேன். உன் பெயரும் உன் சபைப் பதிவேட்டில் இருக்கும். பீடி சுற்றக் கற்பதற்கு எத்தனையோ வருடம் முன்னால் எழுதிய பெயர் அது.

பதிவேடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்ற சர்ச் இருக்கிறதே, அதைக் கட்டிய குளோரிந்தா ஒரு பிராமண விதவை. தாலி கட்டாமல் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர் என்று மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கவே மறுத்தார். 1778இல்தான் கொடுத்தார். 1780இல் எழுதிய திருநெல்வேலிச் சபைப் பட்டியலில் 40 பெயர்கள். முதல் பெயர் அவருடையதுதான்.

இனி நீ செய்ய வேண்டியது. தூக்கம் போய் நாலு மாதம் என்றால் அதை ஜெபத்தோடு மட்டும் விட்டுவிடாதே. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, இந்த வாரமே போ. காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொல்கிறோமா? செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு மணிநேரம்கூடத் தனியாக இராதே. உன் பெரிய அக்காவைக் கூப்பிடு.

அப்புறம், உன் கூலி. தம்பிக்குக் கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா, உனக்கு பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கடையில் வாய்விட்டுக் கேள். தங்குவதற்கு வாடகை கட்டுவதுபோலத்தான் நீ அந்த வீட்டில் உழைத்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. நீ அவனுக்கு அக்கா, குடியிருக்க வந்தவள் இல்லை. கோபப்படாமல் அவனிடம் இதைச் சொல். முதல் தடவை முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.

உங்கள் சபையில் அசனம், அதுதான் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற சபை விருந்து, எப்போது? முந்தின நாள் ராத்திரி வெங்காயம் உரிப்பதும் காய் நறுக்குவதும் நீதான், எல்லாரும் எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்காருவதும் நீதான் என்று நினைக்கிறேன். இந்த வருடம் காய் நறுக்க வேறு யாராவது போகட்டும். நீ நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போய், முதல் பந்தியில் இலை போட்டதும் உட்கார். பக்கத்தில் இருக்கிறவள் "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று கேட்டால், "இல்லை அக்கா, குழம்பை இந்தப் பக்கம் ஊற்றச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடு.